அம்மா வீட்டுக்கு வாடகை சோபா

போன மாதம் வாரிசுச் சான்றிதழுக்காக அலைந்த கதையை எழுதியிருந்தேன். படித்த நண்பர்கள் இரண்டு மூன்று பேர், "அதெல்லாம் சரி சார், வீடு வித்துதா இல்லையா?" என்று கேட்டார்கள். விற்றது. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான் இது.

வீடு மந்தைவெளியில். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. 880 சதுர அடி. மனையில் பிரிக்கப்படாத பங்கு 470 சதுர அடி. 1987-ல் அப்பா வாங்கி அம்மா பெயரில் பதிவு செய்தார். புரோக்கர் விளம்பரத்தில் "மயிலாப்பூர், கபாலி கோயிலுக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டார். அந்த ஐந்து நிமிடத்தை நான் இருபது வயதில்கூட நடந்ததில்லை.

அம்மா 2023 ஆகஸ்டில் போய்விட்டாள். உயில் எதுவும் எழுதவில்லை. அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேருக்கும் சம பங்கு. அண்ணன் மாம்பலத்தில் சொந்த வீட்டில் இருக்கிறார், எனக்கும் பென்ஷன் வருகிறது. எங்கள் இருவருக்கும் அவசரமில்லை. அவசரம் தங்கைக்குத்தான். மாப்பிள்ளைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். அடையாறில் மூன்றாவது மாடி வாடகை வீடு. அங்கே லிஃப்ட் ஓடும் நாளைவிட ஓடாத நாள் அதிகம். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவார். அதற்கென்றே தங்கை இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல்களைத் திருப்பங்களில் போட்டு வைத்திருந்தாள். ஆகவே அவள் வாய் திறந்து கேட்காவிட்டாலும், வீடு சீக்கிரம் விற்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

2024 ஜனவரியில் விளம்பரம் கொடுத்தோம். எட்டு மாதத்தில் பதினேழு பேர் வந்தார்கள். பெரும்பாலானோர் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை. ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை, ஒரு எட்டு பால்கனி, அப்புறம் "பாத்துட்டுச் சொல்றோம்." பூட்டிக் கிடந்த வீட்டுக்கு என்று ஒரு வாசனை உண்டு. பழைய துணி, பரணில் இருக்கும் எலிப்புழுக்கை, காய்ந்து போன பாத்ரூம் வழியாக வரும் சாக்கடை நாற்றம் எல்லாம் கலந்தது. ஜன்னலைத் திறப்பதற்குள் வந்தவர் முகம் மாறிவிடும்.

டல்லாஸில் இருக்கும் என் மருமகளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். அங்கே யாரும் இப்படிக் காட்டமாட்டார்களாம். விற்பதற்கு முன் வீட்டை ஒப்பனை செய்வதே ஒரு தொழிலாம். 'ஹோம் ஸ்டேஜிங்' என்று பெயர். சியாட்டில் பக்கத்தில் பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி 1972-ல் தொடங்கி வைத்தது என்கிறார்கள். அவருக்கு நாடகப் பின்னணி உண்டு; அதனால்தான் மேடை என்ற சொல்லே வந்தது. சொந்தக்காரர்களின் குடும்பப் படங்களைக் கழற்றிவிடுவார்கள், பாதி சாமான்களைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள், வாடகைக்கு நல்ல சோபா கொண்டு வந்து போடுவார்கள். வருகிறவர் அந்த வீட்டில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும், சொந்தக்காரரை அல்ல.

கேட்டபோது எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டு நாற்காலிகளையும் எதிர் வீட்டு வெள்ளி டம்ளர்களையும் இரவல் வாங்கி அடுக்கியவர்கள்தானே நாம்? எங்கள் அத்தை கல்யாணத்தில் இரவல் வாங்கிய கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்து, அது எங்கள் வீட்டிலேயே பத்து வருடம் ஓடியது.

அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. "விக்கப் போற வீட்டுக்கு எதுக்குடா செலவு? வாங்கறவன் எப்படியும் இடிச்சு மாத்தத்தான் போறான்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. நோட்டுப் புத்தகத்தில் எல்லாச் செலவையும் எழுதி மூன்றாக வகுப்பது என்ற நிபந்தனையின் பேரில் ஒப்புக்கொண்டார்.

முதலில் காலி செய்ய வேண்டும். நாங்கள் மூவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். எவர்சில்வர் பாத்திரங்களில் எல்லாம் பெயர் வெட்டியிருந்ததால் பிரிப்பது சுலபமாக இருந்தது. எந்தத் தூக்கு யாருடைய காதுகுத்துக்கு வந்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறதே. கஷ்டப்படுத்தியது புத்தகங்கள்தான். அப்பா லஸ் முனை நடைபாதையில் வாங்கிச் சேர்த்தவை ஒரு பக்கம். அம்மா வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துக் கோந்து போட்டு பைண்டு செய்த தொடர்கதைகள் இன்னொரு பக்கம். மணியம் படங்களோடு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் இருந்தது. கல்கியில் 1950-ல் தொடங்கி வந்த அதே பக்கங்கள், பாட்டி காலத்துச் சேகரிப்பு. ஓரமெல்லாம் அரித்திருந்தது. பத்திரிகைகள், தீபாவளி மலர்கள் இவற்றைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். தங்கை 'பொன்னியின் செல்வ'னை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரமும் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம் என்றாள். மற்றவற்றை ஆட்டோவில் ஏற்றினோம். மிச்சம் பழைய பேப்பர்காரருக்கு.

அடுத்து பெயின்டர் வந்தார். ஹாலில் அப்பா நாற்காலி போட்டுச் சாய்ந்து பேப்பர் படிக்கும் இடத்தில், சுவரில் தலை உயரத்தில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. நடுவில் அம்மா இரண்டு தடவை வெள்ளை அடித்தும் அது மேலே வந்துகொண்டே இருந்தது. "இதுக்குச் சாதா ப்ரைமர் நிக்காது சார், ஆயில் ப்ரைமர் அடிச்சு மேல பட்டி பாக்கணும்" என்றார் பெயின்டர். அடித்தார். போய்விட்டது. நான் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எடுக்கவில்லை. சுவர்க் கறையைப் போட்டோவில் பார்த்தால் சுவர்க் கறையாகத்தான் தெரியும்.

கலர் விஷயத்தில் புரோக்கர் சொன்னதுதான் சரி. அறைக்கு ஒரு நிறம் வேண்டாம், வீடு முழுக்க ஒரே ஆஃப்-ஒயிட். சின்ன வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. பெயின்டிங் மட்டும் 68,000 ரூபாய். தரையில்தான் அண்ணனுக்கும் எனக்கும் வாக்குவாதம். 1987-ல் போட்ட மொசைக், கறுத்துப்போய் இருந்தது. அதன்மேல் டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்றார் அவர். நான் மெஷின் வைத்து பாலிஷ் போட்டுப் பார்க்கலாம் என்றேன். மூன்று நாள் வீடெல்லாம் சேறு. நான்காம் நாள் கழுவிவிட்டதும் அந்தத் தரையில் பச்சையும் சிவப்புமாகச் சில்லுகள் மின்னின. முப்பத்தேழு வருடம் அதன்மேல் நடந்திருக்கிறோம், பச்சைச் சில்லு இருந்ததே எங்களுக்குத் தெரியாது. இப்போது கல்யாண மண்டபத்துத் தரை மாதிரி வழவழவென்ற வெள்ளை டைல்ஸ் எல்லா வீட்டிலும் இருக்கிறது. பழைய மொசைக்கைப் பார்த்து இரண்டு மூன்று இளம் தம்பதிகள் நின்று ரசித்தார்கள்.

திரைச்சீலைக்கு தங்கையும் என் மனைவியும் பாண்டி பஜார் போனார்கள். டியூப் லைட்டுகளைக் கழற்றி, மஞ்சள் வெளிச்சம் வரும் எல்.இ.டி. போட்டோம். பால்கனியில் துணி காயப்போடும் கொடிகளை அவிழ்த்துவிட்டு இரண்டு துளசித் தொட்டி. பிறகு மாத வாடகைக்கு மூன்று பேர் உட்காரும் சோபா, நான்கு நாற்காலியோடு சாப்பாட்டு மேஜை, ஒரு கட்டில். குறைந்தது மூன்று மாதம் எடுக்க வேண்டும் என்றார்கள். அம்மா இருந்தவரை அந்த வீட்டில் சோபா இருந்ததில்லை. மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் இல்லை.

பூஜை அலமாரியை என்ன செய்வது? மருமகள், சாமி படங்களை எடுத்துவிட வேண்டும் என்றாள். நம் ஊரில் அது எடுபடாது. காலியாக இருக்கும் பூஜை அலமாரியைப் பார்த்தால், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைப்பார்கள். புரோக்கர் பல வீடு பார்த்தவர். ஒரே ஒரு பிள்ளையார் படமும் சின்ன விளக்கும் போதும் என்றார். அதோடு நிற்காமல், "எந்த ஆளுங்களுக்குக் குடுக்கலாம்னு சொல்லிடுங்க சார், அப்பதான் நான் வடிகட்டி அனுப்ப முடியும்" என்றார். மயிலாப்பூர்ப் பக்கம் இது சகஜமான கேள்வி. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை முந்திக்கொண்டு, "பணம் குடுக்கற ஆளுங்களுக்கு" என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் உள் படுக்கையறைச் சுவர் பிரச்சினை. பெயின்டர் பழைய சுண்ணாம்பைச் சுரண்டியபோது மேல் மூலையில் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. மேல் வீட்டு பாத்ரூம் கசிவு. இரண்டு முழ அகலத்துக்கு ஈரம். புரோக்கர் பார்த்துவிட்டு, "மழை ஆரம்பிக்கறதுக்குள்ள ரெண்டு கோட் டேம்ப் ப்ரூஃப் அடிச்சு மேல பெயின்ட் அடிச்சிட்டா, நாலு மாசத்துக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மூலைல பீரோவ நகர்த்திடுங்க" என்றார். தப்பாகச் சொன்னதாக அவர் நினைக்கவில்லை. ஊரில் நடப்பதைச் சொன்னார்.

அண்ணன் அதற்கே சாய்ந்தார். மேல் வீட்டுக்காரர் வெளிநாட்டில், குடியிருப்பது வாடகைக்காரர், அவரைப் பிடித்து, ஒப்புக்கொள்ள வைத்து, பாத்ரூமை உடைத்துச் சரி செய்வதென்றால் குறைந்தது இரண்டு மாதம். அந்த இரண்டு மாதம் யாருக்கு நஷ்டம்? எங்களுக்கு இல்லை. நான் தங்கையைப் பார்த்தேன். இதில் அவள் சொல்வதுதான் முடிவு என்று எனக்குத் தோன்றியது. பெயின்ட் அடித்து மறைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மூன்று மாடி ஏறுகிறவர் என் வீட்டில் இல்லை. அப்படி இருக்கும்போது நேர்மை பேசுவது எனக்குச் சுலபம்.

தங்கை வெகுநேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நம்ம அவசரத்துக்கு வர்றவங்க ஏண்ணா நனையணும்? குழந்தை கட்டில அந்தச் சுவரோரமாத்தான் போடுவாங்க" என்றாள். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று இரவே மேல் வீட்டுக்காரருக்கு அவர்தான் போன் செய்தார். அந்த மனிதர், பாவம், முதல் போனிலேயே பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். பாத்ரூம் டைல்ஸ் இடுக்குகளையெல்லாம் கிளறி எடுத்து எபாக்ஸி அடைத்து, சுவருக்குள் ஓடிய பழைய இரும்புக் குழாயை மாற்றியதில் செப்டம்பர் முழுவதும் போனது.

பிளம்பர் ஒரு யோசனை சொன்னார். சுவருக்கு உடனே பெயின்ட் அடிக்காதீர்கள். ஒரு மழை பார்த்துவிட்டு அடியுங்கள். நான் ஈரம் எதுவரை இருக்கிறதோ அந்த ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினேன். வாரா வாரம் போய்ப் பார்ப்பேன். கோடு உள்ளே உள்ளே சுருங்கிக்கொண்டு வந்தது. அக்டோபர் 15-ம் தேதி பெரிய மழை என்று எச்சரிக்கை வந்து, வேளச்சேரிக்காரர்கள் கார்களையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? அன்றும் மறுநாளும் ஒரு பொட்டு புது ஈரம் இல்லை. நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல். அதற்கும் இல்லை. அந்தச் சுவரை அப்படியே, பென்சில் கோடுகளும் தேதிகளுமாக விட்டுவிட்டோம். பளபளவென்ற வீட்டில் ஒரு சுவர் மட்டும் சொறி பிடித்தது போல. புரோக்கர் தலையில் அடித்துக்கொண்டார்.

புது அலங்காரத்துக்குப் பிறகு வந்தவர்கள் சோபாவில் உட்கார்ந்தார்கள். எனக்குத் தெரிந்து அதுதான் பெரிய வித்தியாசம். உட்கார்ந்துவிட்டால் கேள்வி கேட்பார்கள், கேள்வி கேட்டால் பாதி வாங்கியாயிற்று. 2015-ல் தண்ணீர் வந்ததா? கோட்டூர்புரம் மாதிரி இங்கே ஆறு ஏறி வரவில்லை. தெருவில் கணுக்கால் அளவு இரண்டு நாள் நின்றது, கீழ்த்தளத்தில் சம்ப் கெட்டது. சரி, 2019-ல்? நான்கு ஏரியும் வறண்டு ஊரே லாரிக்குக் காத்திருந்த வருடம் அது. எங்கள் கட்டடத்திலும் லாரிதான், மறைக்க முடியாது. ஆனால் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது சங்கத்தில் ஒழுங்காகச் செய்ததால் போர் தண்ணீர் முற்றிலும் வற்றவில்லை. இதையெல்லாம் நான் ஒரு பக்கத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டேன். சுவர் விஷயமும் அதில் இருந்தது.

மெட்ரோ இன்னொரு தலைவலி. மந்தைவெளியிலேயே நிலையம் வருகிறது, திருமயிலையில் இரண்டு தடம் சந்திக்கப் போகிறது. வந்தபின் விலை ஏறும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் வீடு பார்க்க வருகிறவர் முதலில் அனுபவிப்பது தடுப்புத் தகரமும் ஒருவழிப் பாதையும்தான். லஸ் பக்கம் சுற்றிச் சுற்றி, வந்து சேரும்போதே எரிச்சலோடு வருவார்கள். அதனால் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு மட்டும் காட்டினோம். அந்த நேரத்தில் தெருவும் அமைதி, கிழக்கு வெயிலும் ஹாலில் விழும். யாராவது பக்கத்தில் காப்பி போட்டால் அதுவும் உபயோகம்.

பில்டர் ஒருவர் வந்தார். வீட்டை அவர் பார்க்கவே இல்லை. மாடிப்படியில் நின்றபடியே மனைப் பங்கு எவ்வளவு, மற்ற ஏழு வீட்டுக்காரர்கள் வயசு என்ன என்று கேட்டார். புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபின், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் இடித்துக் கட்டலாம் என்றாகிவிட்டது. அவருக்கு எங்கள் மொசைக்கும் திரைச்சீலையும் ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு அம்மா, சிங்கப்பூரில் இருக்கும் பையனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு வந்தார். போனுக்குள்ளிருந்து பையன் உத்தரவு போட, அந்த அம்மா ஒவ்வொரு குழாயாகத் திறந்து காட்டினார். "பரணைக் காட்டும்மா, மேல, இன்னும் மேல" என்றதும் அவர் ஸ்டூல்மேல் ஏறப் போக, நான் பதறிப்போய் போனை வாங்கிக் காட்டினேன். வாஸ்து பார்த்தவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுப்பு அக்னி மூலையில் இல்லை என்று மூன்று பேர் போய்விட்டார்கள். அதற்கு எந்த பெயின்டும் உதவாது.

டிசம்பர் நடுவில் வந்தார்கள் அந்த இளம் தம்பதி. இருவருக்கும் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை; பெண்ணின் அப்பா கூட வந்திருந்தார், பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளையும் பெண்ணும் சோபாவில் உட்கார்ந்திருக்க, அவர் நேராக உள் அறைக்குப் போய் பென்சில் கோடுகளைப் பார்த்தார். ஒவ்வொரு தேதியாக வாய்விட்டுப் படித்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். வெளியே வந்து, "குழாய் என்ன போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பில்லையும் காட்டினேன். மறுநாளே அட்வான்ஸ் பேச வந்துவிட்டார்கள். விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டார்கள்தான், யார் கேட்கவில்லை? கொஞ்சம் குறைத்தோம்.

அதன்பிறகு வங்கிக் கடன். முப்பத்தேழு வயதுக் கட்டடம் என்றால் வங்கிக்காரர்களுக்கு முகம் சுருங்கும். மதிப்பீட்டாளர் வந்து இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூலப் பத்திரம், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, சொத்து வரி, குடிநீர் வரி ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி, மேலே பட்டியல் ஒட்டி அண்ணன் தயாராக வைத்திருந்தார். உண்மையில் வீட்டை அலங்கரித்ததற்குச் சமமான வேலை அது. வங்கி வக்கீல் ஒரே ஒரு முறைதான் திருப்பிக் கேட்டார். வாங்குகிறவர்களுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அவர்கள் எங்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் பிடித்து வருமான வரிக்குக் கட்ட வேண்டும். லாப வரிக்கு 2024 ஜூலையில் விதி மாறியிருந்ததால், பணவீக்கத்தைச் சரிக்கட்டி 20 சதவீதமா, சரிக்கட்டாமல் 12.5 சதவீதமா என்று ஆடிட்டர் இரண்டு கணக்கும் போட்டு, எங்களுக்கு எது குறைவோ அதை எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் பதிவு. மூவரும் வரிசையாக நின்று விரல் ரேகை வைத்தோம். தங்கைக்கு ரேகை விழவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அழிந்திருக்கும் என்று அண்ணி சொன்னார். நான்காவது தடவைதான் விழுந்தது.

சாவி கொடுக்கும்போது பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கி, "சார், அந்த சோபா வீட்டோட சேர்த்திதானே?" என்றார். வாடகை என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் வாடகையைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். அந்த மூலைச் சுவருக்கு மட்டும் அவர்கள்தான் பெயின்ட் அடித்தார்கள், இளம் மஞ்சள்.

அண்ணன் நோட்டுக் கணக்கை முடித்தார். பெயின்ட், பாலிஷ், விளக்கு, திரை, பிளம்பரில் எங்கள் பாதி, சோபா வாடகை எல்லாம் சேர்த்து மொத்தம் 1,94,300 ரூபாய். மூன்றாக வகுத்துவிட்டு, தங்கையின் பங்கை அடித்து, அதை இரண்டாக்கி என் பெயரிலும் தன் பெயரிலும் எழுதியிருந்தார். என்னிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

தங்கை மார்ச்சில் வீடு மாற்றினாள். அடையாறிலேயே, டயாலிசிஸ் மையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி. அதிலும் மாப்பிள்ளை பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி வைத்திருக்கிறாள். 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம் ஓடிக்கொண்டிருக்கிறதாம்.